தாவூத் சாகிப்பும் கொன்றைத் தாங்கலின் தண்ணீரும்

தாவூத் சாகிப் இறந்த செய்தி என்னிடம் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. மயிலாப்பூரில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டு, லஸ் முனையில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி எதிர்ச்சாரியிலிருந்து சாலையைக் கடந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணன் மௌத்தாயிட்டார் சார். நேத்துக் காலைல. சாயங்காலத்துக்குள்ள அடக்கம் ஆயிடுச்சு. ஒங்களுக்கு ஆள் அனுப்பத் தோதுப்படல, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நாலு நாள் காய்ச்சலாம். மழையில் நனைந்ததில் வந்ததாம். எங்கே நனைந்தார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். முறைப்படி நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அவர்தான் எனக்குச் சொன்னார். டிராம் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நமது தண்ணீர்ச் சோதனைக்கூடத்துச் சங்க மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நல்ல குணங்களை எழுதினால் போதும் என்றார். நல்ல குணங்களுக்குக் குறைவில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதலில் வந்து நின்றவர். ரம்ஜான் மாதம் முழுக்கப் பட்டினியோடு சைக்கிள் மிதித்து வந்து, நமக்கெல்லாம் வேளை தவறாமல் டீ வரவழைத்துக் கொடுத்தவர். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத உட்கார்ந்திருப்பது அவருக்கு நான் செய்த துரோகத்தை. இரண்டு பக்கத்தில் அது அடங்காது. செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் வந்த புதிதில் நம் கூடத்து மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சீமையிலிருந்து மாற்றுக் கண்ணாடி வர வழியில்லை. கண்ணாடி தேய்ப்பதைப் பரம்பரைத் தொழிலாகச் செய்துவந்த குடும்பம் ஒன்று மயிலாப்பூர்ப் பள்ளிவாசல் தெருவில் இருப்பதாக யாரோ சொல்லி அவரை அழைத்துவந்தார்கள். அரை நாளில் துடைத்துச் சரிசெய்துவிட்டார். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஏதோ ஓர் ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டை வைத்துக் குனிந்தவர், சாயங்காலம் வரை நிமிரவே இல்லை. நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோதும் அப்படியே இருந்தார். அடுத்த வாரமே, தண்ணீர் மாதிரி எடுத்துவருகிற தற்காலிக வேலைக்கு மனுப் போட்டார். கடையை விட்டு இந்தப் பிழைப்புக்கு வருவானேன் என்று அவருடைய தம்பி என்னிடம் வந்து வருத்தப்பட்டது நினைவிருக்கிறது.

பாசிகளுக்கு அவர் தாமே பெயர் வைத்துக்கொண்டார். கோத்த மணிபோல இருப்பது பாசிமணி. சுருண்டிருப்பது கடிகார வில். பொடிப்பொடியாக மேலே மிதந்து ஆடை கட்டுவது ரவை. லத்தீன் பெயரை நான் சொன்னால் அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்வார், ஆனால் பேச்சில் ரவை ரவைதான். இரண்டே வருஷத்தில், கண்ணாடி வழியாக ஒரு சொட்டைப் பார்த்துவிட்டு அது எந்த ஏரி, எந்தக் கரை என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். நான் பட்டம் வாங்கியவன். எனக்கு அது இன்று வரை வராது.

அடையாற்றுக்குத் தெற்கே, வேளச்சேரிக்குப் போகிற வழியில் உள்ள கொன்றைத் தாங்கலை நீங்கள் பலரும் பார்த்திருக்க மாட்டீர்கள். குளத்தைவிடப் பெரியது, ஏரி என்று சொல்லக் காணாது. கரையில் நாற்பது ஐம்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர். அங்கே கிணறு எங்கே தோண்டினாலும் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் தாங்கல் தண்ணீர்தான். மாதம் இருமுறை நானும் சாகிப்பும் சைதாப்பேட்டை வழியாக சைக்கிளில் போவோம். மதகுக் கல்லின் மேல் நின்று, வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவார். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. தட்டு கண்ணுக்கு மறைகிறபோது எத்தனை முடிச்சு உள்ளே போயிருக்கிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவு. முதல் வருஷம் ஒன்பது முடிச்சு வரை தட்டு தெரிந்தது. நான் தியாகராய நகரில் வீடு கட்டியிருந்தேன். அந்த நகரே ஓர் ஏரியைத் தூர்த்து எழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். "நீங்க ஏரிக்குள்ளயே குடியிருந்துக்கினு, ஏரியப் பாக்க இம்மாந்தூரம் வர்றீங்களே சார்" என்று வழியெல்லாம் கேலி செய்வார்.

பிறகு தாங்கலுக்கு மேற்கே மேட்டில் ஒரு படை முகாம் வந்தது. அங்கிருந்த ஜனங்களின் கழிவும், சமையற்கூடத்துக் கழுநீரும், குதிரைக் கொட்டடியின் சாணமும் சேர்ந்து, தாங்கலுக்கு மழைநீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் விழுந்தன. ஒன்பது முடிச்சு ஆறாயிற்று. ஆறு மூன்றாயிற்று. தண்ணீர் முதலில் இளநீர் போலக் கலங்கியது, அப்புறம் பச்சை, அப்புறம் கரையோரமாகப் பச்சை வண்ணம் கொட்டியதுபோல் ஓர் ஆடை. அழுக்கு சேர்ந்துவிட்டது, தூர் வாரினால் போகும் என்று ஊரார் சொன்னார்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். சாகிப் வரத்துக்காலோடு மேற்கே நடந்து, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு சீசாவில் தண்ணீர் பிடித்துவந்து, கூடத்து ஜன்னலில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் தாங்கலின் பாசியில் ஒரு துளி விட்டார். முகாமுக்கு மேலே பிடித்த தண்ணீர் அப்படியே இருந்தது. முகாமுக்குக் கீழே பிடித்ததெல்லாம் பத்தே நாளில் பச்சையாகிவிட்டது. "எருப் போட்டா கீரை மொளைக்குது. இதுவும் கீரைதான் சார். எரு வர்றத நிறுத்தாம கீரையப் புடுங்கிக்கினே இருந்தா எப்ப முடியும்?" என்றார். நான் அந்தத் தண்ணீரில் உப்புச் சத்துகளைச் சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உரக்கடையில் விற்கிற அதே சத்துகள் அந்த வரத்துக்காலில் ஓடின.

அவருடைய யோசனை எளிது. முகாமிலிருந்து வருகிற கழிவை, தாங்கலுக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே வேறு கால் வெட்டித் தெற்கே உள்ள புல்வெளிக்குத் திருப்பிவிட வேண்டும். புல்லுக்கு அது நல்லது, மாட்டுக்கும் நல்லது, தாங்கல் பிழைக்கும். நான் அதை இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்பினேன். ஆச்சரியமாக, அனுமதி கிடைக்கும்போல் இருந்தது. தாங்கல் கரை ஊரிலிருந்து குப்பம்மாள் என்கிற பெண்மணி, தாங்கலில் மீன் பிடித்து விற்கிறவள், ஒவ்வொரு முறையும் எங்களிடம் வந்து எப்போது கால் வெட்டுவார்கள் என்று கேட்பாள். தை முடிவதற்குள் வெட்டிவிடுவார்கள் என்று சாகிப் அவளிடம் சொன்னார். அதற்கு முன் அவர் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்து நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் மேலதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். பெயர் வேண்டாம். அவர் கோப்பைப் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் மண் வெட்டுவானேன், மயில்துத்தம் என்கிற நீல உப்பைப் போட்டால் இரண்டு நாளில் பாசி செத்துவிடுமே என்றார். அதுவும் உண்மைதான், புத்தகங்களில் உள்ளதுதான். சாகிப் அதற்கும் ஜாடி வைத்துப் பார்த்தார். தாங்கல் தண்ணீர் நிரப்பிய ஜாடியில் துத்தம் சிட்டிகை போட்டதும் தண்ணீர் கண்ணாடியாயிற்று. அடியில் செத்த பாசி கறுப்பாய்ப் படிந்தது. பாசியைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் அதோடு செத்துக் கிடந்ததை மைக்ராஸ்கோப்பில் எனக்குக் காட்டினார். மூன்று வாரம் கழித்து, அழுகிய அந்த அடிமண்டியையே தின்று, முன்னைவிடத் தடிப்பாகப் பச்சை எழுந்தது. இந்தத் தடவை முழுக்க முழுக்க ரவை. அவர் என்னை ஜன்னலுக்கு அழைத்துக்கொண்டுபோய் நிறுத்தினார். "ஜாடி வேற, ஏரி வேற சாகிப். பெரியவா சொல்றா, போட்டுத்தான் பார்ப்போமே" என்றேன். மேலதிகாரியோடு மோதிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. என் பதவி உயர்வு அவர் மேஜையில் இருந்தது.

கடற்கரை மீனவக் குப்பமான ஊரூரிலிருந்து கட்டுமரங்களைக் கொண்டுவந்து, கோணிப்பையில் துத்தக் கட்டிகளை நிரப்பி, தண்ணீரில் இழுத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினார்கள். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் நான் மதகுக் கல்லில் நின்று தட்டை இறக்கினேன். ஒன்பதாவது முடிச்சு தண்ணீருக்குள் போன பிறகும் தட்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. கிழவர்கள் கும்பிட்டார்கள். இத்தனை வருஷமும் தட்டை வைத்தே தாங்கலின் சௌக்கியத்தைக் கணக்கிட்டுப் பழகிவிட்ட எனக்கு, தட்டு தெரிந்துவிட்டதும் வேறெதுவும் தோன்றவில்லை. சாகிப் மட்டும் தட்டைப் பார்க்காமல், கரையோரத் தண்ணீரில் கைவிட்டு அடிமண்ணை அள்ளி முகர்ந்துகொண்டிருந்தார்.

அன்றே அறிக்கை எழுதினேன். தாங்கலின் குறை நீங்கிவிட்டது, தண்ணீர் பழைய தெளிவுக்கு வந்துவிட்டது, ஆகவே கால் வெட்ட வேண்டியதில்லை என்று எழுதினேன். கடைசி வாக்கியத்தை மேலதிகாரி சொன்னார், நான் எழுதினேன். கூடத்து விதிப்படி பட்டம் பெற்றவர்தான் கையெழுத்துப் போடலாம். ஆகையால் சாகிப் எடுத்த அளவுகள், சாகிப் பார்த்த பாசிகள், சாகிப் வைத்த ஜாடிகள் எல்லாம் என் கையெழுத்தில்தான் எப்போதும் போகும். இந்த அறிக்கையும் போயிற்று. ஜாடிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் பொறுத்து எழுதியிருக்கலாமே சார்" என்று மட்டும் கேட்டார். நான் நகலைக் கோப்பில் வைத்துக் கட்டினேன்.

அறிக்கை என்னென்ன செய்தது என்று சொல்கிறேன். கால் வெட்டுகிற யோசனை கைவிடப்பட்டது. தாங்கல் விசாரணை முடிந்துவிட்டதால் அதைக் காட்டி நீட்டித்துவந்த தற்காலிக வேலையும் முடிந்துவிட்டது. அதாவது சாகிப்பின் வேலை. சத்தியமாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடும்போது இது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ. அவர் பேனாவையும் துணியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மூடி வைத்துவிட்டு, உங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு தம்பியின் கடைக்குப் போனார். அன்று நீங்கள் எல்லோரும் வாசல் வரை போனீர்கள். நான் எனக்கு வேலையிருப்பதாகச் சொல்லி உள்ளேயே இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாளே தாங்கலில் மீன்கள் மிதந்தன. செத்த பாசி அழுகி, தண்ணீரில் மூச்சுக்காற்று இல்லாமல் செய்துவிட்டது. துர்நாற்றம் அடையாறு வரை அடித்ததாகச் சொன்னார்கள். கோடையில் ரவை எழுந்தது. ஜாடியில் எழுந்த மாதிரியே, அதே நிறம், அதே தடிப்பு. எனாமல் தட்டு ஒரு முடிச்சுகூடத் தாங்கவில்லை. ஒரு நாள் குப்பம்மாள் நம் கூடத்து வாசலில் தாங்கல் தண்ணீர் நிரம்பிய செம்போடு வந்து உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்து அவளுடைய கன்று இரண்டு நாளில் விழுந்துவிட்டது. ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. உள்ளே வந்து செம்பை என் மேஜையில் வைத்துவிட்டு, "தண்ணி நல்லா கீதுன்னு எளுதிக் குடுத்தது நீதானாமே. ஒரு வாய் குடிச்சிக் காட்டு சாமி, நாங்க போயிடறோம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சேவகனை விட்டு அவளை வெளியே அனுப்பினேன். இதையும் நீங்கள் பார்த்தீர்கள்.

சாகிப் விடவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிளில் போய்த் தட்டை இறக்கி, கணக்கை எழுதி, கடையில் தாமே தேய்த்த கண்ணாடியில் பாசியைப் பார்த்தார். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, முகாமில் படைகளுக்குப் பதிலாக வேறு குடும்பங்கள் குடியேறின. கழிவு அதே வழியில்தான் வந்துகொண்டிருந்தது. யாருக்கு எழுதினாலும் ஒரே பதில்: தாங்கல் சரியாகிவிட்டதென்று சோதனைக்கூடமே சொல்லியிருக்கிறது. எல்லாக் கதவும் என் கையெழுத்தில் மூடியிருந்தது.

போன ஐப்பசி ஆரம்பத்தில் ஒரு காலை என் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் தமக்கென்று எதையும் கேட்டு அவர் வந்ததில்லை. என் மனைவி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நான் எழுதினா செல்லாது சார். நீங்க ஒரே ஒரு வரி எழுதுங்க. அன்னிக்கு எழுதினது தப்பு, காலைத் திருப்பினாத்தான் தண்ணி சரியாவும்னு. அது போதும். மழைக்கு முன்ன எழுதணும். மழை பேஞ்சா புதுத்தண்ணில பச்சை கலைஞ்சி, தெளிஞ்சா மாதிரி தெரியும். அப்பால ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றார். அடுத்த பதவி உயர்வுக்கான உத்தரவு இந்த மாதம் வந்துவிடும், வந்த மறுநாள் எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன். "சரி சார், ஒங்க சௌகரியம்" என்று எழுந்தார். உத்தரவு வந்தது. நான் எழுதவில்லை. மழையும் வந்துவிட்டது.

அவர் இறந்த பிறகு ஒரு நாள் தாங்கலுக்குப் போனேன். குப்பம்மாள்தான் சொன்னாள். கொட்டுகிற மழையில் சாயபு மதகுக் கல்லின் மேல் நின்றுகொண்டு, தட்டை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, பாதி நாள் அப்படியே இருந்தாராம். உள்ளே வா என்று கூப்பிட்டாளாம். "சார் எளுதறேன்னு சொல்லிக்கீறாரு, மழைல அவர் கணக்கு தப்பாப் போயிடக் கூடாது, தெளிஞ்சா மாதிரி தெரியறது எத்தினி நாளு, மறுபடி கலங்கறது எந்த நாளுன்னு எடுத்துக் குடுக்கணும்னாரு" என்றாள். கடைசி வரை நான் எழுதுவேன் என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்மணி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போய், பாதியில் நினைவு வந்தவளாக வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

மறுநாளே எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேலதிகாரி வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போது இதனால் என்ன பிரயோஜனம், அந்தத் தாங்கலின் தண்ணீர் உதவாது என்று ஆகிவிட்டதால் தூர்த்து வீட்டு மனை போடத் தீர்மானமாகிவிட்டது, கோப்பு இங்கே இல்லை என்றார். ஊராருக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். அது நம் இலாகா அல்ல என்றார். கெட்டுப்போனது என்பதற்காகவே தூர்க்கிறார்கள். கெட விட்டது யார் என்று கேட்க ஆளில்லை. இந்தக் கோடையில் வண்டி வண்டியாகக் குப்பையும் மண்ணும் போய் விழப்போகிறது. என்னால் இனி நிறுத்த முடியாது. சாகிப்பின் ஜாடியை ஜன்னலில் பார்த்த அன்று என்னால் முடிந்திருக்கும். அவர் வீட்டுக்கு வந்து கேட்ட அன்றும் முடிந்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் கேட்ட அந்த ஒரு வரிதான். ஆபீஸ் வாங்கிக்கொள்ளாததால் இங்கே எழுதுகிறேன். கொன்றைத் தாங்கல் சரியாகிவிட்டது என்று நான் எழுதியது தவறு. கழிவு வருகிற காலைத் திருப்பாதவரை எந்த மருந்தாலும் அந்தத் தண்ணீர் சரியாகாது. அந்த அறிக்கையின் நகல் உங்களில் பலருடைய அலமாரியில் இருக்கிறது. எடுத்து, என் கையெழுத்தை அடித்துவிட்டு, இந்த வரியை எழுதி, கீழே தாவூத் சாகிப் என்று போடுங்கள். பட்டம் இல்லாதவர் பெயரைப் போடக்கூடாது என்று யாராவது சொன்னால், பட்டம் வாங்கியவன் போட்ட கையெழுத்து என்ன செய்தது என்று, தூர்ப்பதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.